ஓர் இலக்கம் இடம் மாறினால்?

ஆசிரியர்கள் உங்கள் பிழைகளைத் திருத்துகிறவர்கள். தாங்கள் செய்த பிழைகளை உங்களிடம் சொல்வது வழக்கமில்லை. நான் சில ஆண்டுகளுக்கு முன் செய்த ஒரு பிழையைச் சொல்லியே இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

எங்கள் துறையில் முதலாண்டு மாணவர்களுக்கு உதவித்தொகை பெற்றுத் தரும் பொறுப்பு அந்த ஆண்டு என்னிடம் இருந்தது. ஒவ்வொருவரின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் கணிப்பொறியில் தெரியும் படிவத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். இரவு நேரம், கண்ணில் தூக்கம். ஒரு மாணவியின் ஆதார் எண்ணில் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்துவிட்டேன். மறுநொடியே, 'இந்த எண் செல்லாது' என்று திரையில் சிவப்பு எழுத்துகள் தோன்றின. திருத்திக்கொண்டேன். அடுத்து, அதே மாணவியின் வங்கிக் கணக்கு எண்ணில் 47 என்று இருந்ததை 74 என்று அடித்தேன். இம்முறை கணிப்பொறி வாய் திறக்கவில்லை. பேசாமல் ஏற்றுக்கொண்டுவிட்டது.

விடுதிக் கட்டணத்துக்கு அந்தப் பணத்தைத்தான் அவள் நம்பியிருந்தாள். பணம் வரவில்லை. கேட்பதற்குக் கூச்சப்பட்டு இரண்டு மாதம் காத்திருந்தாள். மூன்றாம் மாதம் பெட்டியோடு ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டாள். அவளுடைய அறைத்தோழி வந்து சொன்ன பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பணம், முன்பின் அறியாத ஒருவரின் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. அதை மீட்டு அவளைத் திரும்ப அழைத்து வருவதற்குள் இரண்டு தேர்வுகள் முடிந்துபோயிருந்தன.

அந்த நாள்களில் ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. கணிப்பொறிக்கு அந்த மாணவியைத் தெரியாது. அவளுடைய ஆதார் எண் என்னவென்றும் அதற்கு முன்னால் யாரும் சொல்லித் தரவில்லை. அப்படியிருக்க, நான் அடித்த ஓர் எண் தவறு என்று அது எப்படிக் கண்டுபிடித்தது? ஒன்றைக் கண்டுபிடித்த கணிப்பொறிக்கு மற்றதை ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை?

இதற்கு விடை காண, கணிப்பொறி செய்திகளை எப்படி எழுதி வைக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

இரண்டே குறிகள்

தந்தி என்ற ஒன்று இருந்ததை உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். நம் நாட்டில் 2013 ஜூலை மாதம் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. அதில் வாழ்த்துத் தந்தி என்று ஒரு வகை உண்டு. திருமணம், தீபாவளி, பொங்கல், தேர்வில் வெற்றி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்த்து வாசகம். ஒவ்வொரு வாசகத்துக்கும் ஓர் எண். அனுப்புகிறவர் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். கம்பி வழியே போவது அந்த எண்தான். மறுமுனையில் இருப்பவர் தம்மிடமுள்ள பட்டியலைப் பார்த்து முழு வாசகத்தையும் எழுதிக் கொடுப்பார்.

இதைத்தான் குறிமுறை என்கிறோம். இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, இரு முனைகளிலும் ஒரே பட்டியல் இருக்க வேண்டும். இரண்டாவது, எண் ஒன்று பிசகினால் மணமக்களுக்குத் தீபாவளி வாழ்த்துப் போய்ச் சேரும்!

கணிப்பொறியும் எல்லாவற்றையும் எண்களாகவே வைத்துக்கொள்கிறது. நமக்குப் பத்து இலக்கங்கள் இருக்கின்றன. அதற்கு 0, 1 என்று இரண்டே இலக்கங்கள். ஏன் இப்படி? காரணம் இயற்பியலில் இருக்கிறது. ஒரு கம்பியில் 0 முதல் 5 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். பத்து இலக்கங்களையும் இதற்குள் அடக்கினால், ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் அரை வோல்ட்தான் இடைவெளி. பக்கத்தில் ஒரு மோட்டார் ஓடி மின்னழுத்தம் 0.3 வோல்ட் ஏறினாலே 6 என்பது 7 ஆகப் படிக்கப்படும். இரண்டே நிலைகள் என்றால் இந்தத் தொல்லை இல்லை. 'தாழ்வு' என்றால் 0, 'உயர்வு' என்றால் 1. ஒரு வோல்ட் ஏறி இறங்கினால்கூடக் குழப்பம் வராது.

இப்படிப்பட்ட ஒரு 0 அல்லது 1 தான் 'பிட்' எனப்படுவது. ஜான் டூகி என்ற கணித அறிஞர் சூட்டிய இந்தப் பெயரை, கிளாட் ஷானன் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்தாண்டார். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். எட்டு இடங்களில் 0, 1 ஆகியவற்றை 256 விதமாக அடுக்கலாம்.

எழுத்துகளுக்கும் எண் பட்டியல் உண்டு. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட 'ஆஸ்கி' என்ற பட்டியலில் ஆங்கில 'ஏ' எழுத்தின் எண் 65. அதை இரும எண்ணாக எழுதினால் 1000001. ஏழே பிட்டுகள். ஆங்கிலத்துக்கு அது போதும். உலக மொழிகளுக்கெல்லாம் போதாது. ஆகவே 1991ஆம் ஆண்டில் 'யூனிகோடு' என்ற பொதுப் பட்டியலின் முதல் பதிப்பு வந்தது. தமிழ் அதில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. நம் 'அ' எழுத்தின் எண் 2949.

'தமிழ்' என்று தட்டச்சு செய்கிறீர்கள். நாம் மூன்று எழுத்து என்று எண்ணுகிறோம். கணிப்பொறியின் கணக்கு வேறு. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். அவற்றின் எண்கள் 2980, 2990, 3007, 2996, 3021. இன்று பெரிதும் வழங்கும் முறையில் இந்தக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் இடம் வேண்டும். ஆக 15 பைட். அதாவது 120 பிட்டுகள். நம் மொழியின் பெயரை ஒருமுறை எழுதக் கணிப்பொறி 120 முறை 'தாழ்வா, உயர்வா' என்று குறித்துக்கொள்கிறது!

'ஏ' எழுத்து 'சி' ஆன கதை

அந்த 120 பிட்டுகளில் ஒன்று புரண்டுவிட்டால்?

ஒரு மாணவனின் மதிப்பெண் சான்றிதழில் 'ஏ' தரம் என்று பதிவாகியிருக்கிறது. அதன் பிட்டுகள் 1000001. வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது பிட் 0 என்பதிலிருந்து 1 ஆகப் புரண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 1000011. இதன் மதிப்பு 67. பட்டியலில் 67 எந்த எழுத்து தெரியுமா? 'சி'! முதல் தரம் வாங்கியவன் மூன்றாம் தரத்துக்கு இறங்கிவிட்டான்.

இது வெறும் கற்பனை அல்ல. 2003 மே 18 அன்று பெல்ஜியம் நாட்டில் தேர்தல் நடந்தது. பிரஸ்ஸல்ஸ் பகுதியிலுள்ள ஸ்கார்பேக் என்ற ஊரில் ஒரு வேட்பாளருக்கு, விழுந்திருக்கவே முடியாத அளவு வாக்குகள் விழுந்திருந்தன. சந்தேகப்பட்டு வாக்கு அட்டைகளை மீண்டும் எண்ணினார்கள். சரியாக 4096 வாக்குகள் கூடுதலாகக் கணக்கிடப்பட்டிருந்தது தெரிந்தது. 4096 என்ற எண்ணைக் கவனியுங்கள். 2 என்பதைப் 12 முறை பெருக்கினால் வருவது அது. அதாவது இரும எண்ணில் வலப்பக்கத்திலிருந்து 13ஆவது பிட் 0 ஆக இருந்தது 1 ஆகப் புரண்டிருக்கிறது. நிரலில் குற்றம் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் உண்டான துகள் ஒன்று நினைவகத்தைத் தாக்கியிருக்கலாம் என்று கருதினார்கள். நினைவகத்தில் ஒரு பிட் என்பது மிக மிகச் சிறிதளவு மின்னூட்டமே. அதைக் குலைக்க ஒரு துகள் போதும்.

அந்த எண் நம்ப முடியாத அளவு பெரிதாக இருந்ததால் பிழை பிடிபட்டது. கொஞ்சம் சிறியதாக இருந்திருந்தால்?

இத்தகைய பிழையைப் பிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஏழு பிட்டுகளோடு எட்டாவதாக ஒரு காவல்காரப் பிட்டைச் சேர்க்கிறோம். எட்டிலும் உள்ள 1களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பது விதி. 'ஏ' எழுத்தில் ஏற்கெனவே இரண்டு 1கள் இருப்பதால் காவல்காரர் 0. ஆக 01000001. இதில் ஒரு பிட் புரண்டு 01000011 ஆனால் 1களின் எண்ணிக்கை மூன்று, ஒற்றைப்படை. கணிப்பொறி உடனே 'பிழை!' என்று கூவிவிடும். எழுத்து என்னவாக இருந்திருக்கும் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. விதி மீறப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

என் முதல் கேள்விக்கான விடையின் சாயல் இங்கே தெரிகிறதல்லவா? ஆனால் இந்தக் காவல்காரரிடம் இரண்டு குறைகள் உண்டு. இரண்டு பிட்டுகள் சேர்ந்து புரண்டால் எண்ணிக்கை மீண்டும் இரட்டைப்படையாகிவிடும், அவர் ஏமாந்துபோவார். மேலும், வீட்டில் திருட்டு என்று சொல்வாரே தவிர, எந்த அறையில் என்று அவரால் சொல்ல முடியாது.

புளியங்கொட்டை வித்தை

அறையையும் சொல்லும் காவல்காரரை நீங்களே உருவாக்கலாம். 36 புளியங்கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தாயம் ஆடுவதற்குச் செய்வதைப் போல ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். இப்போது ஒவ்வொரு கொட்டையும் ஒரு பிட். கறுப்பு என்றால் 0, வெள்ளை என்றால் 1.

உங்கள் நண்பரை 25 கொட்டைகளை ஐந்து வரிசை, ஐந்து நிரல் கொண்ட சதுரமாக, அவர் இஷ்டம்போல் வெள்ளையும் கறுப்புமாக அடுக்கச் சொல்லுங்கள். பிறகு, 'இது மிகவும் சுலபம். இன்னும் கொஞ்சம் கடினமாக்குகிறேன்' என்று சொல்லிக்கொண்டே மீதி 11 கொட்டைகளையும் நீங்கள் அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஒரு கொட்டை வைக்கிறீர்கள். அந்த வரிசையின் வெள்ளைகள் இரட்டைப்படையாக வருமாறு அதன் நிறம் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிரலின் அடியிலும் அதே மாதிரி. மூலையில் வைக்கும் கடைசிக் கொட்டை, அதன் வரிசைக்கும் நிரலுக்கும் ஒருசேரப் பொருந்திவிடும். ஏன் எப்போதும் பொருந்துகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி நீங்கள் திரும்பி நின்றுகொள்ளுங்கள். நண்பர் ஏதாவது ஒரு கொட்டையைப் புரட்டி வைக்கட்டும். நீங்கள் வந்து பார்த்தால் ஒரே ஒரு வரிசையில் வெள்ளைகள் ஒற்றைப்படையாக இருக்கும். ஒரே ஒரு நிரலிலும் அப்படியே. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருப்பதுதான் குற்றவாளி! பிழை எங்கே என்று தெரிந்துவிட்டால் திருத்துவது கடினமா? பிட்டுக்கு இரண்டே நிலைகள். அதைப் புரட்டி வைத்தால் முடிந்தது. பத்து இலக்கங்கள் இருந்திருந்தால் 'இது தவறு' என்று தெரிந்த பிறகும் சரியானது எது என்று தேட வேண்டியிருக்கும்.

இரண்டு கொட்டைகளைப் புரட்டினால் பிழை இருப்பது தெரியும். இடம் திட்டமாகத் தெரியாது. யாருக்கும் தெரியாமல் ஏமாற்ற வேண்டுமானால் குறைந்தது எத்தனை கொட்டைகளை, எப்படிப் புரட்ட வேண்டும்? அதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

ஒரு விஞ்ஞானியின் வார இறுதிக் கோபம்

25 பிட்டுகளைக் காக்க 11 காவல்காரர்கள் என்பது கொஞ்சம் அதிகம்தான். இதைவிடச் சிக்கனமான வழியைக் கண்டவர் ரிச்சர்டு ஹாமிங். 1947ஆம் ஆண்டில் அவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அங்கிருந்த கணிப்பொறி மின்காந்த ரிலேக்களால் ஆனது. அவருடைய கணக்குகளுக்கு வார இறுதியில்தான் அது கிடைக்கும். அப்போது இயக்குபவர் யாரும் அருகில் இருக்க மாட்டார்கள். பிழை ஒன்று தென்பட்டால் கணிப்பொறி அந்தக் கணக்கைக் கைவிட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். ஹாமிங் திங்கட்கிழமை ஆவலோடு வந்து பார்த்தால் தம் வேலை எதுவும் நடந்திராது. அடுத்த வாரமும் அதே கதை. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள ஏன் தெரியக்கூடாது என்று அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தின் பலன் 1950இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரை.

அவருடைய யோசனை இது. மூன்று கேள்விகளுக்கு 'ஆம், இல்லை' என்று விடை சொன்னால் மொத்தம் 2 x 2 x 2 = 8 விதமான விடைகள் கிடைக்கும். ஏழு பிட்டுகளில் பிழை எங்கே என்பதற்கு ஏழு வாய்ப்புகள். பிழையே இல்லை என்பது எட்டாவது வாய்ப்பு. கணக்குச் சரியாகப் பொருந்துகிறதல்லவா? ஆக, நான்கு பிட் செய்திக்கு மூன்றே காவல்காரர்கள் போதும்.

ஏழு இடங்களில் 1, 2, 4 ஆகியவை காவல்காரர்களுக்கு. 3, 5, 6, 7 ஆகியவை செய்திக்கு. முதல் காவல்காரர் 1, 3, 5, 7 ஆகிய இடங்களைக் கவனிப்பார். இரண்டாமவர் 2, 3, 6, 7. மூன்றாமவர் 4, 5, 6, 7. ஒவ்வொரு குழுவிலும் 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வேண்டும்.

1011 என்ற செய்தியை அனுப்புவோம். 3, 5, 6, 7ஆம் இடங்களில் முறையே 1, 0, 1, 1. முதல் குழுவில் இரண்டு 1கள் இருப்பதால் முதல் காவல்காரர் 0. இரண்டாம் குழுவில் மூன்று 1கள். ஆகவே இரண்டாமவர் 1. மூன்றாம் குழுவில் இரண்டு, மூன்றாமவர் 0. அனுப்பப்படுவது 0110011.

வழியில் ஆறாவது பிட் புரண்டு 0110001 என்று போய்ச் சேருகிறது. பெறுகிற கணிப்பொறி மூன்று குழுக்களையும் எண்ணுகிறது. முதல் குழு இரட்டைப்படை, சரி. இரண்டாம் குழுவில் மூன்று 1கள், தவறு. மூன்றாம் குழுவில் ஒன்று, தவறு. தவறு என்று சொன்ன காவல்காரர்கள் நிற்கும் இடங்கள் 2, 4. கூட்டினால் 6. பிழை ஆறாவது இடத்தில்! கணிப்பொறி அதைப் புரட்டித் திருத்திக்கொள்கிறது. மாயம் போலத் தோன்றினாலும் இது வெறும் கூட்டல்தான்.

ஹாமிங் வகுத்த இந்த வழியின் விரிந்த வடிவம் இன்றும் பெரிய கணிப்பொறிகளின் நினைவகத்தில் வேலை செய்கிறது. 64 பிட்டுகளுக்கு 8 காவல் பிட்டுகள். ஒரு பிழை என்றால் திருத்தும். இரண்டு என்றால் எச்சரிக்கும்.

பிஸ்கட் பொட்டலத்தின் கடைசி இலக்கம்

கணிப்பொறிக்குள் நடக்கும் பிழைகளைப் பார்த்தோம். நம் விரல்கள் செய்யும் பிழைகளுக்கு என்ன காவல்?

ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். பட்டைக் கோடுகளின் கீழ் 13 இலக்கங்கள் இருக்கும். இந்திய அமைப்பிடம் பதிவு செய்த எண் என்றால் 890 என்று தொடங்கும். இதில் கடைசி இலக்கம் பொருளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அது காவல்காரர், 'சரிபார்ப்பு இலக்கம்' என்று அதற்குப் பெயர்.

விதி இதுதான். இடப்பக்கத்திலிருந்து ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களை அப்படியே கூட்டுங்கள். இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றை மூன்றால் பெருக்கிக் கூட்டுங்கள். மொத்தம் 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 8901234567890 என்ற கற்பனை எண்ணைப் பார்ப்போம். ஒற்றைப்படை இடங்கள்: 8+0+2+4+6+8+0 = 28. இரட்டைப்படை இடங்கள்: 9+1+3+5+7+9 = 34. மும்மடங்கு 102. மொத்தம் 130. சரிதான். இதில் 3, 4 ஆகிய இரண்டும் இடம் மாறி 43 என்று அடிபட்டால் மொத்தம் 132 ஆகிவிடும். கடைக்காரரின் இயந்திரம் ஏற்காது.

மூன்றால் பெருக்குவானேன்? எல்லாவற்றையும் சும்மா கூட்டினால் 3+4, 4+3 இரண்டும் ஒன்றே, இடமாற்றம் தெரியாது. இரண்டால் பெருக்கினால் வேறு தொல்லை: ஓர் இலக்கம் 5 மாறினால் மொத்தம் 10 மாறும், பிழை தெரியாது. 3க்கும் 10க்கும் பொதுக் காரணி இல்லாததால் எந்த ஓர் இலக்கம் மாறினாலும் பிடிபடும்.

ஆனாலும் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருந்தால், எடுத்துக்காட்டாக 27 என்பது 72 ஆனால், மொத்தம் சரியாக 10 மாறும், பிழை தப்பிவிடும். இந்த ஓட்டையை அடைத்தவர் ஹாலந்து நாட்டுக் கணித அறிஞர் யாகோபுஸ் வெர்ஹூஃப். அவர் 1969இல் வெளியிட்ட முறை, ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த எந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும், தவறாமல் பிடித்துவிடும்.

அவர் சாதாரணக் கூட்டலை விட்டுவிட்டு ஓர் ஐங்கோணத்தை எடுத்துக்கொண்டார். ஓர் ஒழுங்கு ஐங்கோண அட்டையை அதன் இடத்திலேயே பொருந்துமாறு ஐந்து விதமாகச் சுழற்றி வைக்கலாம். இன்னும் ஐந்து விதமாகக் கவிழ்த்து வைக்கலாம். மொத்தம் பத்து, இலக்கங்களும் பத்து! மூலைகளில் எண் எழுதிய அட்டை ஒன்றைச் செய்து பாருங்கள். முதலில் சுழற்றிப் பிறகு கவிழ்த்தால் ஒரு நிலை வரும். முதலில் கவிழ்த்துப் பிறகு சுழற்றினால் வேறொரு நிலை வரும். 3+4 போல் அல்லாமல் இங்கே வரிசை மாறினால் விடையும் மாறுகிறது. இதோடு இன்னொரு சிறு உத்தியையும் சேர்த்து அவர் தம் முறையை அமைத்தார்.

உங்கள் ஆதார் எண்ணின் 12ஆவது இலக்கம் இந்த வெர்ஹூஃப் முறையில் கணக்கிடப்பட்டதுதான். என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. படிவத்திலிருந்த நிரல் அந்த மாணவியை எங்கும் போய்த் தேடவில்லை. முதல் 11 இலக்கங்களும் கடைசி இலக்கமும் ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் கண்டது. அது போதுமாக இருந்தது.

வங்கிக் கணக்கு எண் ஏன் தப்பியது? வங்கிக்கு வங்கி கணக்கு எண்ணின் நீளமும் அமைப்பும் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் பொதுவான சரிபார்ப்பு இலக்கம் நம் நாட்டில் இல்லை. ஐரோப்பிய நாடுகளில் வழங்கும் பன்னாட்டுக் கணக்கு எண்ணில் அதற்கென்றே இரண்டு இலக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. நம் கைப்பேசி எண்ணிலும் காவல்காரர் இல்லை. ஆகவேதான் ஓர் இலக்கம் தவறினால் வேறு யாரோ 'ஹலோ' என்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சரிபார்ப்பு இலக்கம் கைத்தவறைப் பிடிக்கும், கள்ளத்தைப் பிடிக்காது. கணக்குத் தெரிந்த எவரும் விதிக்குப் பொருந்தும் ஒரு பொய் எண்ணை உண்டாக்கிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு எழுதிய எண்களில்கூடப் பத்தில் ஒன்று பொருந்திவிடும்.

தேநீர்க்கடைச் சதுரம்

தேநீர்க்கடையில் பணம் செலுத்த ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைச் சதுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கியூ.ஆர். குறியை 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் உருவாக்கினார்கள். அதன்மேல் தேநீர் சிந்தியிருக்கும், ஓரம் கிழிந்திருக்கும். இருந்தும் கைப்பேசி படித்துவிடுகிறது. எப்படி?

இதற்கு 1960இல் இர்விங் ரீடு, குஸ்தாவ் சாலமன் என்ற இருவர் கண்ட வழி உதவுகிறது. உங்கள் வரைபடத் தாளிலேயே அதன் சாரத்தைப் பார்த்துவிடலாம். 3, 5 என்ற இரண்டு எண்களை அனுப்ப வேண்டும். அவற்றை y = 3x + 5 என்ற நேர்கோடாக எழுதி, அதன்மேல் நான்கு புள்ளிகளை அனுப்புகிறோம். x என்பது 1, 2, 3, 4 ஆகும்போது y 8, 11, 14, 17. வழியில் 14 என்பது 19 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புள்ளிகளைக் குறித்துப் பாருங்கள். மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்கும். ஒன்று மட்டும் விலகி நிற்கும். கோட்டை வரைந்துவிட்டால் 3, 5 ஆகிய இரண்டும் திரும்பக் கிடைத்துவிடும். ரீடும் சாலமனும் நேர்கோட்டுக்குப் பதில் உயர்படிக் கோவைகளைப் பயன்படுத்தினார்கள். கருத்து ஒன்றுதான்.

கியூ.ஆர். குறியில் நான்கு பாதுகாப்பு நிலைகள் உண்டு. மிக உயர்ந்த நிலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் செய்தியை மீட்டுவிடலாம். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடுகளில் கீறலை மீறிப் பாட்டுக் கேட்டதும் இதே முறையால்தான். 1986 ஜனவரியில் யுரேனஸ் கிரகத்தைக் கடந்த வாயேஜர் 2 விண்கலம், அங்கிருந்து நமக்குப் படங்கள் அனுப்பியதும் இம்முறையின் துணையோடுதான்.

மிகை வீண் அல்ல

இத்தனை வழிகளிலும் அடிப்படை ஒன்றே. சொல்ல வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அந்த மிகைதான் பிழையைக் காட்டிக்கொடுக்கிறது. இதை நாம் நெடுங்காலமாகச் செய்து வருகிறோம். வங்கிச் சலானில் 500 என்று எழுதிவிட்டு, 'ரூபாய் ஐந்நூறு மட்டும்' என்று எழுத்தாலும் எழுதுகிறோம். நம் மொழியிலேயே இந்தக் காவல் இருக்கிறது. 'அவள் வந்தாள்' என்கிறோம். பெண் என்பதை எழுவாயும் சொல்கிறது, வினைமுற்றும் சொல்கிறது. பேருந்து இரைச்சலில் முதல் சொல் காதில் விழாவிட்டாலும் வந்தது யார் என்று ஓரளவு புரிந்துவிடுகிறது.

மிகைக்கு விலை உண்டு. இடமும் நேரமும் கூடும். ஆனால் அந்த விலையைக் கொடுக்க மறுத்தால், வேறு யாரோ அதைவிடப் பெரிய விலை கொடுக்க நேரும். கணக்கு எண்ணை இரண்டாம் முறை அடித்துச் சரிபார்க்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடத்தை நான் மிச்சம் பிடித்தேன்.

இப்போதெல்லாம் எங்கள் துறையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒருவர் தட்டச்சு செய்வார். இன்னொருவர் திரையில் உள்ள எண்ணை உரக்கப் படிப்பார். அந்த எண்ணுக்கு உரிய மாணவரே பக்கத்தில் நின்று வங்கிப் புத்தகத்தைப் பார்த்து, 'சரி' என்று சொல்வார். எண்ணில் காவல்காரர் இல்லாவிட்டால் நாம்தானே காவல் நிற்க வேண்டும்?

அந்த மாணவி பட்டம் பெற்றுவிட்டாள். தவறிப்போன இரண்டு தேர்வுகளையும் அடுத்த ஆண்டு எழுதித் தேறினாள். இந்தக் கட்டுரையின் முதல் பகுதியை அவளிடம் காட்டி, அவள் சம்மதித்த பிறகே அனுப்புகிறேன்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டுப் புத்தகம் ஒன்றின் பின்னட்டையில் உள்ள 13 இலக்க எண், பிஸ்கட் பொட்டலத்தின் விதிக்குப் பொருந்துகிறதா?

2. ஹாமிங் முறையில் 1110110 என்று ஒரு செய்தி வந்திருக்கிறது. ஒரு பிட் புரண்டிருக்கிறது. எது? அனுப்பிய நான்கு பிட் செய்தி என்ன?

3. x = 1, 2, 3, 4 ஆகியவற்றுக்கு 7, 9, 12, 13 என்று புள்ளிகள் வந்துள்ளன. எது தவறு? அனுப்பிய இரண்டு எண்கள் எவை?

விடைகள்: (2) மூன்றாவது பிட், செய்தி 0110. (3) 12 தவறு, 11 என்று இருக்க வேண்டும். எண்கள் 2, 5. முதல் கேள்விக்கு விடை உங்கள் கையில் இருக்கிறது.